கச்சான் பொறக்கிற இடத்துக்கு ஒரு ஓட்டம்

ஆடி மாசம் மட்டக்களப்பில இருக்கிற ஆளுக்கு கச்சான் எண்டா என்ன எண்டு சொல்லித்தரத் தேவல்ல. வறுத்து சுருளில தாற கச்சான் கடலை இல்ல, காத்து. விடிய ஆள் அமசடக்கமா இருப்பார், வெயில் ஏற ஏற மேக்கால இருந்து அடுப்பு வாயத் திறந்துவிட்ட மாதிரி அடிக்கத் தொடங்குவார், கொடியில போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில பப்படமாக் காயும், உதடு வெடிக்கும், அம்மா மேக்குப் பக்கத்து யன்னலெல்லாம் சாத்திப்போட்டு யாரையோ பேசுற மாதிரி காத்தப் பேசிக்கொண்டு இருப்பா. போன வருசம் இப்பிடி ஒரு நாள் மச்சான் கேட்டான், டேய் இது எங்க இருந்துதான் வருது போய்ப் பாத்தா என்ன எண்டு. பகிடிக்குக் கேட்டதுதான். அடுத்த ஞாயிறு விடிய 4.30க்கு ரெண்டு பேரும் என்ட சிடி 100 பைக்கில கல்லடிப் பாலம் தாண்டிட்டம்.

ஏறாவூர்ல ஒரு பிளேன்டீ. செங்கலடிச் சந்தியால இடப்பக்கம் கிறுகினா பதுளை ரோட்டு. பேராதனையில தொடங்கி நுவரெலியா, பதுளை எல்லாம் சுத்தி வாற ஏ5 நம்மட செங்கலடியிலதான் வந்து முடியுது, எங்களுக்கு மட்டும் அது தொடங்குற இடம். கறுத்தப்பாலம் தாண்டி கரடியனாறு வர சூரியன் முதுகுக்குப் பின்னால எழும்பி கண்ணாடி ரெண்டுக்குள்ளயும் ஒவ்வொரு சூரியனாத் தொங்குது, உறுகாமம் குளத்துத் தண்ணி பாயிற வயல் வட்டை மட்டும் பச்சையாக் கிடக்கு, மத்த இடமெல்லாம் மாரி வெள்ளாமை வெட்டின ஒட்டும் புழுதியும், அதுக்குள்ள பட்டி மாடு. மாடு ரோட்ட விட்டு விலகுற மட்டும் எஞ்சின நிப்பாட்டிட்டு இருக்கத்தான் வேணும், ஹோன் அடிச்சு ஒண்டும் ஆகாது. புல்லுமலை தாண்டினா காடு, நடு ரோட்டில ஆவி பறக்க யானை லத்தி. மச்சான் அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல.

மகாஓயாவில வெந்நீர் ஊத்து இருக்கு, தொட்டிக்குத் தொட்டி சூடு வித்தியாசம், ஆனா ஆடி மாசத்தில சுடுதண்ணியில குளிக்கிறதுக்கு எங்களுக்கு என்ன விசரா எண்டு நேரா விட்டம். பதியத்தலாவையில வலப்பக்கம் திரும்பி மஹியங்கனை ரோட்டு. வழியில தம்பானைக்குப் போற கிளை ரோட்டு வரும், ஆதிக்குடி வேடர் இருக்கிற ஊர். நம்மட வாகரைப் பக்கத்து வேடர் தமிழ்தான் கதைக்கிற, இஞ்ச இருக்கிறவங்கள் சிங்களம். ரோட்டோரம் பெரிய சட்டியில சோளன் அவிச்சு வைச்சிருந்தாங்க, உப்புத் தண்ணியில ஊறின கதிர், ஆளுக்கு ரெண்டு. மஹியங்கனையில மகாவலிப் பாலத்தில பைக்க ஓரமா விட்டுட்டு கொஞ்சம் நிண்டம். 335 கிலோமீற்றர் ஓடுற ஆறு, மலையில விழுற மழையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்களுக்குத் தராம அப்பிடியே திருகோணமலைப் பக்கம் போய்க் கடலுக்க விழுது. எங்களுக்கு மலையில இருந்து வாறது காத்து மட்டும்தான்.

ஹசலக்க தாண்டினாப் பிறகுதான் மலையேறுற பதினெட்டு வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போர்டு இருக்கு, நான் எண்ணிக்கொண்டு போனன், ஒன்பதுக்குப் பிறகு எண்ணுறத விட்டுட்டன் ஏனெண்டா காத்து. ஒரு பக்கத்து வளைவில முகத்தில அடிக்கும், அடுத்த வளைவில முதுகில தள்ளும், ரெண்டாம் கியர் இழுக்காம ஒண்டுக்குப் போட்டா பைக் ஆட்டுக்குட்டி மாதிரி முனகுது, பின்னால இருந்த மச்சான் பாவம் ரெண்டு வளைவு இறங்கி நடந்தான். மேல போய்த் திரும்பிப் பாத்தா, கிழக்க ஒரு முகில் இல்ல. வெளிறின வானம், குளங்கள் ஒவ்வொண்டும் தகரத் துண்டு மாதிரி மினுங்குது, அதுக்கு அங்கால எங்கயோ புழுதிக்குள்ள நம்மட ஊர். மேக்கால பாத்தா நக்கிள்ஸ் மலை முதுகில முகில் சுவர் மாதிரிக் குந்திக்கொண்டு இருக்கு. நகருது, ஆனா இந்தப் பக்கம் வருதில்ல, விளிம்புக்கு வந்து அப்பிடியே கரைஞ்சு போகுது. கன நேரம் இதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டம்.

ஏஎல், உயர்தர வகுப்பில புவியியல் படிச்ச காலத்தில சேர் சொல்லித்தந்தது அப்பதான் விளங்கின. தென்மேல் பருவக்காத்து ஈரத்தோட மலையேறும், ஏறுற வழியில மழையா விழுத்திப்போடும், மறுகா வெறும் காத்தா இந்தப் பக்கம் இறங்கும், இறங்க இறங்க சூடாகும், காஞ்ச காத்து 1000 மீற்றர் இறங்கினா கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும். அண்டைக்கு இதப் பாடமாக்கித்தான் எழுதின, இப்ப முகில் கரையிறது கண்ணுக்கு முன்னால.

இன்னும் கொஞ்சம் போவம் எண்டு உன்னஸ்கிரிய வரைக்கும் போனா, மழை. நெசமாவே மழை. தூத்தல்தான், ஆனா ஜக்கெட் ஊறிட்டு, பல்லுக் கிட்டுது, கடையில குந்தி சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் திண்டம். வீட்டுக்கு போன் எடுத்து அம்மா இஞ்ச மழை எண்டா, போடா மனே பகிடி விடாத எண்டு வைச்சிட்டா.

திரும்பி வளைவு இறங்கக்குள்ள முன்னால போன வான் பிரேக் மணத்துக்கொண்டு போச்சு. ஏறின கியர்லயே இறங்கோணும், எஞ்சின் பிடிச்சு வைச்சிருக்கும். பிரேக்க மட்டும் நம்பினா அது சூடேறி ஒரு கட்டத்தில பிடிக்காமப் போயிடும்.

வரக்குள்ள கச்சான் முதுகில. நல்லம், தள்ளிக்கொண்டு போகும் எண்டு நினைச்சம், ஆனா காத்தும் பைக்கும் ஒரே வேகத்தில போனா முகத்தில ஒண்டும் படாது, அடுப்புச் சட்டிக்குள்ள இருக்கிற மாதிரி, எஞ்சின் சூடு காலச் சுடுது. புல்லுமலைக் காட்ட இருட்டுறதுக்கு முதல் தாண்டோணும் எண்டு எங்கயும் நிப்பாட்டல்ல.

வீட்ட வந்து ஜக்கெட்டக் கழட்டி அம்மாட்ட குடுத்தன். முறுக்கிப் பாத்தா, மணந்து பாத்தா.

"மழைக்க நனைஞ்ச எண்டாய். எங்கடா ஈரம்?"