இழுக்க வேண்டாம், தள்ளும்

2013 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் எனக்கு அது முதல் குளிர்காலம். மேலதிக நேர வேலைக்காக அதிகாலை ஐந்தரைக்கு 9ஆம் மாடியிலிருந்து படியால் இறங்கினேன். மின்தூக்கி இயங்கவில்லை, படிக்கட்டிலும் வெளிச்சம் இல்லை. ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றுபோனதைப் பிறகுதான் அறிந்தேன். இரவு முழுவதும் பெய்தது மழை. ஆனால் அது தொட்ட இடமெல்லாம் ஐஸாகியிருந்தது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறியும் சத்தம் இருட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. தரிப்பிடத்தில் நின்ற என் பழைய காரைக் கண்ணாடி உருக்கி ஊற்றி மூடியதுபோல ஐஸ் மூடியிருந்தது.

கைப்பிடியின் மேலிருந்த ஐஸைத் தட்டி உடைத்தேன். விரல்களை நுழைத்து இழுத்தேன். கதவு அசையவில்லை. வேலைக்குப் பிந்தினால் அந்த வேலை நிலைக்குமா என்ற பயம். ஒரு காலைக் காரில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தேன். கைப்பிடி மட்டும் கழன்று என் கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் வளைந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது.

நாலு கார் தள்ளி ஒரு பெரியவர் தன் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்தான். கிட்ட வந்து என் கையைப் பார்த்தார். "தம்பி, இழுக்க வேண்டாம். தள்ளும்" என்றார். மறுபக்கக் கதவுக்குப் போய், அதன் விளிம்போரமாக முதுகைக் கொடுத்து, முழுப் பாரத்தையும் போட்டு உள்நோக்கி அழுத்தினார். விட்டார், மீண்டும் அழுத்தினார். 'மளுக்' என்றது. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டு போனார். ஐஸ் சில்லுச் சில்லாகக் கொட்டியது. பிறகு மெல்ல இழுத்தார், கதவு திறந்தது. அந்தக் கதவால் ஏறி, இருக்கையைத் தாண்டிப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். கைப்பிடி மாற்றக் காசு சேரும்வரை, ஏழு வாரம், அந்த வழிதான்.

அவர் செய்ததன் காரணத்தைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. கதவை மூடும்போது அது நசிந்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால் அதுவே பசை. இழுத்தால் பசை விடாது, ரப்பர்தான் கிழியும். கிழிந்த இடத்தால் இன்னும் தண்ணீர் புகும், அடுத்த முறை இன்னும் பலமாக ஒட்டும். உள்ளே தள்ளினாலோ ரப்பர் நசிந்து கொடுக்கும். ஐஸுக்கு நசியத் தெரியாது, நொறுங்கிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் மைனஸ் 25 பாகை என்றதும் பயப்படுகிறார்கள். உடம்புக்கு அது பொல்லாத குளிர்தான். ஆனால் காற்று உலர்ந்திருந்தால் அன்று காரின் கதவு சும்மா திறக்கும். கதவைப் பூட்டுவது தண்ணீர். பகலில் 2 பாகைக்கு ஏறிக் கூரைப் பனி உருகி விளிம்புகளுக்குள் ஓடி, இரவில் மைனஸ் 8க்கு இறங்குகிற நாளுக்குத்தான் பயப்பட வேண்டும். உறைமழை அதிலும் மோசம். மேலே சற்றுச் சூடான காற்றில் பனி உருகி மழையாகிறது. தரையை ஒட்டிய குளிர்ந்த படையில் அது உறைந்து முடிக்க நேரம் கிடைப்பதில்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த தண்ணீராகவே விழுந்து, இடுக்குகளுக்குள் ஊறி, அங்கே ஐஸாகிறது. ஆகவே கதவு உறையாமல் பார்ப்பது காலையில் செய்யும் வேலையே அல்ல, முதல் நாள் மாலை வேலை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்ற குறை இன்னும் உண்டு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன். ஊரில் அப்பா கதவின் பிணைச்சலுக்கு அதைத்தான் விடுவார். 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது. இங்கே சமையலறை அலுமாரிக்குள்ளேயே போத்தலில் வெள்ளையாகக் கட்டிபட்டு நிற்கிறது. ரப்பரில் மெழுகுபோலப் படிந்து, ஊத்தையைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இதற்கு உரியது சிலிக்கோன் ஸ்ப்ரே. துணியில் அடித்து, நவம்பரில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை, ரப்பர் முழுவதும் துடைத்துவிட்டால் தண்ணீர் அதில் ஒட்டாது. ஐஸ் உருகத் தெருவில் தூவுகிற உப்பைப் போக்கக் காரைக் கழுவுகிற நாளில் நான்கு கதவையும் திறந்து விளிம்புகளை உலரத் துடைக்க வேண்டும். நான் பழைய சாரத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். பருத்தி, நன்றாக உறிஞ்சும்.

ஜன்னல் கண்ணாடி உறைந்திருக்கும்போது பொத்தானை அழுத்தவே கூடாது. காரிலிருந்தபடியே கோப்பி வாங்கும் வரிசையில்தான் இது நடக்கிறது. என் நண்பன் அப்படி அழுத்தினான். கண்ணாடி ரப்பரோடு ஒட்டியிருந்தது, மோட்டார் கீழே இழுத்தது, கண்ணாடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பிடி உடைந்தது. பிறகு பெருந்தெருவின் அதிர்ச்சியில் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டது. அன்று மைனஸ் 17. பொலித்தீன் பையை ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். கார் உள்ளே சூடாகும்வரை பொறுத்திருந்தால் போதும். கோப்பியைக் கதவைத் திறந்தும் வாங்கலாம்.

முன் கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். என்னோடு வேலை செய்த தங்கச்சி ஒருத்தி, வந்து இரண்டே மாதம், கேத்தலோடு இறங்கிப் போய் ஊற்றிவிட்டாள். கல் பட்ட சின்னத் தழும்பு ஒன்று அந்தக் கண்ணாடியில் ஏற்கெனவே இருந்தது. அதிலிருந்து வெடிப்பு ஓரத்துக்கு ஓரம் ஓடியது. வெடிக்காமல் தப்பினாலும் அந்தத் தண்ணீர் வைப்பரின் அடியிலும் கதவு இடுக்கிலும் வழிந்து திரும்ப உறையும். முதலில் புகைக்குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் நச்சுவாயு உள்ளே வரும். பிறகு இயந்திரத்தை இயக்கி, வெளிக்காற்றை எடுக்கும்படி வைத்து, சூட்டை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசியையும் போடுங்கள், அது ஈரத்தை எடுக்கும். 10 நிமிடத்தில் ஐஸ் இளகிவிடும், சுரண்டுவது சுலபம். மூடிய கராஜுக்குள் மட்டும் இதைச் செய்யவே வேண்டாம்.

சுரண்டினால் முழுவதும் சுரண்டுங்கள். கையகலத் துவாரம் ஒன்றை மட்டும் விட்டு அதற்குள்ளால் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அது சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் நன்றாக விடிகிறது. கறுப்புக் குளிரங்கி போட்ட பிள்ளைகள் அந்த மங்கலில்தான் பள்ளிக்கூடத்துக்குத் தெருவைக் கடக்கிறார்கள். கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது அது முழுதாக முன் கண்ணாடியில் சரியும்.

திறப்பு போடும் துவாரம் உறைந்தால் அதற்கென்று விற்கும் சிறு குப்பி மருந்தை விடலாம். அதைக் காருக்குள் வைக்காமல் குளிரங்கிப் பையில் வைத்திருங்கள்.

இன்று மாலை 3 பாகை. இரவு மைனஸ் 9 என்கிறார்கள். வைப்பர்களை நிமிர்த்தி, நான்கு கதவின் ரப்பரையும் சாரத்துணியால் துடைத்துவிட்டு மேலே வந்தேன். டிக்கியின் ரப்பரைத் துடைக்கவில்லை. திரும்ப இறங்க வேண்டும்.