கடற்காற்றில் துருவேறிய கான்டெஸா: டிங்கர் வேலையிலிருந்து எபாக்ஸி பிரைமர் வரை

நாகர்கோவில் கொட்டகையில் நிற்கும் கான்டெஸா கிளாசிக் இப்போது வெறும் கூடுதான். இசுஸு 1.8 பெட்ரோல் என்ஜின், கண்ணாடிகள், சீட், வயரிங் எல்லாம் இறங்கிவிட்டன. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்த இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது; தகடுகள் சேர்ந்தே எடையைத் தாங்குகின்றன. அதனால் தரைத்தகட்டிலும், கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ரன்னிங் போர்டிலும் ஓட்டை விழுந்தால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் கதவு சரியாக மூடாது.

வெளியே தெரிந்த குமிழ்கள் கொஞ்சம்தான். கார்ப்பெட்டை எடுத்து, தரையில் ஒட்டியிருந்த தார் அட்டையைச் சுரண்டிய பிறகுதான் முழுச் சேதமும் தெரிந்தது. பேட்டரித் தட்டு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, ஸ்டெப்னி குழி, கதவுகளின் அடிமடிப்பு என எல்லாமே தண்ணீர் தேங்கும் இடங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளை மண்ணால் அடைபட்டால், மழைநீர் உள்ளேயே நின்று மடிப்பைத் தின்றுவிடும். பானெட், கூரை, டிக்கி மூடி மூன்றும் நல்ல நிலையில் இருந்தன.

அதிக நேரம் எடுத்தது ரன்னிங் போர்டு. வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயை வைத்து டாக் அடிக்க வேண்டும், அதாவது புள்ளி புள்ளியாக வெல்ட் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு வெட்டுப்பட்டதும் கூடு நடுவில் தொய்ந்துவிடும். வெல்டிங் முடிந்த பிறகு கதவு இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் நிற்கும். ஒரு பக்கத்தை முடித்து, கதவு வாசலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சரிபார்த்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்கலாம். புதுத்தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத்தகடு) போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டாம்: வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாகும், வெல்டில் துளைகள் விழும், அந்தப் புகையும் உடம்புக்குக் கேடு.

பழைய தகட்டின் மேல் புதுத்தகட்டை ஏற்றி வெல்ட் செய்வதுதான் இங்கே பரவலான வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஈரம் புகுந்தால் வெளியேற வழியே இல்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் மின்வெல்டிங்) 0.8 மி.மீ. கம்பியால் 25 மி.மீ. இடைவெளியில் டாக் அடித்து, ஒவ்வொன்றும் ஆறியபின் இடையிடையே நிரப்பி வந்தால் தகடு நெளியாது. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவிக் கதவுத்தகடு அலையலையாகிவிடும். அதைப் பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசை) மறைத்தால் கூடுதல் கனமும் வெடிப்பும்தான் மிச்சம்.

அடுத்தது உப்பு. குளச்சல், மணக்குடி பக்கம் ஓடிய வண்டிகளில் துருக்குழிகளின் அடியில் உப்பு தங்கியிருக்கும். கம்பி பிரஷ் மேற்பரப்பை மினுக்கும். உப்பு அங்கேயே இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பெயின்டை அடியிலிருந்து தள்ளும். தரையையும் சக்கர வளைவுகளையும் கார்னெட் மணலால் பிளாஸ்டிங் செய்தாயிற்று, அதாவது காற்றழுத்தத்தில் மணலை வீசித் துருவை எடுத்தாயிற்று. மணவாளக்குறிச்சி மணலிலிருந்து இல்மனைட்டோடு பிரித்தெடுக்கப்படும் கனிமம்தான் கார்னெட். கடற்கரை மணலை அள்ளிப் போட்டு அடிப்பது கூடவே கூடாது: உப்பு தகட்டில் ஏறும், சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பானெட், கூரை போன்ற அகலத் தகடுகளில் பிளாஸ்டிங் வேண்டாம், வளைந்துவிடும். பெயின்ட் ரிமூவரும் 80 நம்பர் உப்புத்தாளும் போதும்.

பிளாஸ்டிங் ஆன இடத்தை வெந்நீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, காற்றடித்து உடனே உலர்த்த வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும். அதில் கழுவினால் எடுத்த உப்பு திரும்பி வரும். பிறகு டிஸ்டில்டு வாட்டரைத் தெளித்து அரைமணி நேரம் விட்டுப் பார்க்கலாம். குழிகளில் மட்டும் சட்டென்று பழுப்புப் புள்ளி எழுந்தால் அங்கே இன்னும் உப்பு இருக்கிறது. மறுபடி பிளாஸ்டிங், மறுபடி கழுவல். பாஸ்பாரிக் அமிலத் துருநீக்கி போட்டால் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். தங்கிய அமிலத்தின் மேல் எபாக்ஸி பிடிக்காது.

வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விடாமல் அன்றே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். பட்டி அதன் மேல்தான். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். தகட்டில் நேரே பூசினால் அந்த ஈரம் துருவாகும். 120 நம்பர் தாளால் எபாக்ஸியைச் சொரசொரப்பாக்கி, 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர் கலந்து பூசலாம். ஹார்ட்னர் கூடினால் பிற்பாடு வெளிர் நிறப் பெயின்டில் கறை எழும். 3 மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்படுகிறதென்றால் டிங்கர் வேலை முடியவில்லை என்று பொருள். சுத்தியலும் டாலியும் (தகட்டின் மறுபக்கம் முட்டுக்கொடுக்கும் இரும்புக்கட்டி) எடுத்துத் தகட்டை இன்னும் நிமிர்த்துங்கள். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே வேண்டாம். 80, 180, 320 எல்லாம் உலர் தேய்ப்புதான். மரக்கட்டையில் தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் மட்டம் கிடைக்கும்.

இப்போது முழுக் கூடும் எபாக்ஸியில் நிற்கிறது. இடப்பக்கக் கதவுகளில் பட்டி வேலை நடக்கிறது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கலர் அடிக்கத் தை, மாசிதான் தோது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில், சுற்றிலும் அடைக்காத கொட்டகையில் தூசி ஒட்டாமல் தப்பாது. தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டு, ஸ்ப்ரே துப்பாக்கிக்கு முன்னால் ஈரவடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பதால் துணி முகமூடி உதவாது. வெளிக்காற்று தரும் முகமூடி தேவை.

கலர் காய்ந்த பிறகு ரன்னிங் போர்டுக்குள்ளும் கதவு மடிப்புகளிலும் கேவிட்டி வேக்ஸ் (உள்வெற்றிடங்களில் துருவைத் தடுக்கும் மெழுகு) செலுத்த வேண்டும். வேக்ஸ் இறுகுவதற்குள் ஒவ்வொரு வடிகால் துளையிலும் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.