அப்பிச்சியின் கால்

அந்தப் பையன் கேட்டதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் எழுதுவதில் பாதி என் பக்க நியாயமாகத்தான் இருக்கும்.

பதினொரு வயது, 140 சென்டிமீட்டர் உயரம், 52 கிலோ. பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரி கறுப்பு. அழுக்கு என்று நினைத்து அவன் அம்மா பீர்க்கன் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிப் போயிருந்தது. அழுக்கு இல்லைம்மா, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் அளவுக்கு மேல் சேர்ந்தால் கழுத்தும் அக்குளும் இப்படிக் கறுக்கும், தேய்த்தால் போகாது என்றேன். உடனே அவர் முகத்தில் ஒரு நிம்மதி. பிள்ளை சுத்தமாகத்தான் இருக்கிறான் என்பதே போதுமாக இருந்தது அவருக்கு. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் 5.8 சதவீதம், சர்க்கரை நோய்க்கு முந்தைய படியில் ஏறியாயிற்று, இவர் என்னடாவென்றால் பெருமூச்சு விடுகிறார். குரலை உயர்த்தி, "இப்படியே விட்டா சீக்கிரமே சுகர் வந்துடும், விளையாட்டில்லம்மா" என்றேன். பையனைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவனும் அங்கேதானே உட்கார்ந்திருந்தான்.

"எங்க அப்பிச்சிக்கு எடுத்த மாதிரி எனக்கும் காலை எடுத்துருவாங்களா மேடம்?"

அப்பிச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. சிரித்துவிட்டேன். கேலியாக இல்லை, சின்னப் பிள்ளை பெரிய கேள்வி கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு. "அதெல்லாம் இல்ல கண்ணு, ஒழுங்கா சாப்பிட்டா ஒன்னும் ஆகாது." ஒழுங்காக என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லவில்லை. அதை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன், அவர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவருக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட், வீடு வர ராத்திரி எட்டரை தாண்டும். அதுவரை பையன் லைன் வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செல்போனோடும், பத்து ரூபாய் சிப்ஸோடும், ஒரு கோலா பாட்டிலோடும். 200 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய ஐந்து ஸ்பூன் சர்க்கரை என்று அளந்து காட்டினேன், அதில் எனக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் உண்டு. தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சொன்னேன். "எங்கீங்க மேடம் ஓடறது, வெளிய லாரியும் டெம்போவுமா போகுது" என்றார். மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னேன். லைன் வீட்டில் ஏது மாடி.

ஆறு வாரம் கழித்து வந்தார்கள். 48 கிலோ. நான் கை தட்டினேன், நிஜமாகவே. வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வந்து ஈடுகட்டிவிடும் என்று பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு மாதாமாதம் வகுப்பெடுக்கிறவள் நான். ஆறு வாரத்தில் நாலு கிலோ என்றால் என்ன சாப்பிடுகிறான் என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கிளம்பும்போது அம்மாவே பெருமையாகச் சொன்னார், மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவதையே விட்டுவிட்டானாம், சத்துணவு முட்டையைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறானாம். "நீங்க போட்ட பயந்தாங்க மேடம் வேலை செஞ்சுது."

தாளில் முட்டை சாப்பிடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். வேண்டுமானால் எடுத்துக் காட்டுகிறேன். உட்கார வைத்து, "முட்டை சாப்பிட்டா கால் போகாது சாமி" என்றேன்.

"எத்தனை சாப்பிட்டா போகும்?"

இந்தத் தடவை சிரிக்கவில்லை. பதிலும் உருப்படியாகச் சொல்லவில்லை, தினம் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டை விடாதே என்பதோடு முடித்துக்கொண்டேன்.

பயம் காட்டாமலும் பேசிப் பார்த்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு பெண் பிள்ளை, அவள் வீட்டாரிடம் பக்குவமாக, சிரித்த முகமாக, ஒரு வார்த்தை கடுமையில்லாமல் பேசி அனுப்பினேன். மறுபடி அவர்கள் வந்தது ஒரு வருஷம் கழித்து, காய்ச்சலுக்கு. ஆறு கிலோ கூடியிருந்தது. அதைப் பார்த்தால் பயம்தான் சரி என்று தோன்றும், சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. இப்போதெல்லாம் பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் சுகர் என்ற பேச்சையே எடுக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசுகிறார்கள் என்று வெளியில் இருக்கிற பிள்ளை என்னென்ன நினைக்குமோ, அதுவும் ஒரு யோசனைதான்.

போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். "ஒன்றரைக் கிலோ ஏறிட்டானுங்களே மேடம், முட்டை திங்கறதாலயா? நல்லா நாலு திட்டு திட்டட்டுங்களா?"

திட்டாதீங்க என்றேன். ஏனுங்க என்று கேட்டார். வெளியே கூட்டம் நிற்கிறது, அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வெளியே நின்றது இரண்டே பேர்.