படகுவீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவதற்குள்

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் நேரோபோட் (குடியிருக்கவும் வசதியுள்ள ஒடுங்கிய நீளப் படகு) வைத்திருப்பவர்கள் நாடு மாறப்போகிறீர்கள் என்றால், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மரீனா (படகு நிறுத்துமிடம்) ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பொடி எழுத்து உட்பட. ஏன் என்று கீழே வருகிறேன்.

எனக்கு மெல்போர்னில் வேலை உறுதியானதும் முதலில் யோசித்தது படகை அப்படியே வைத்துக்கொள்வது பற்றித்தான். கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிட்டது. ஆளில்லாமல் நிற்கும் படகுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குக் காப்பீடும், 4 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். மூரிங், அதாவது படகைக் கட்டி நிறுத்தும் இடத்துக்கான வாடகை தனி. குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்தால் யார் ஓடுவது? வாடகைக்கு விடுவது இன்னும் சிக்கல். சொந்த உபயோக லைசென்ஸ் அதற்குச் செல்லாது. பாதுகாப்புச் சோதனை வேறு, காப்பீடு வேறு. அத்தனையும் மாற்றினாலும் மரீனா சம்மதிக்க வேண்டும். எங்கள் மரீனா சம்மதிக்கவில்லை. கப்பலில் ஏற்றிக்கொண்டு போயேன் என்று சொன்ன நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழடிக்கும் குறைவான அகலத்தில், இந்த நாட்டுக் குறுகிய லாக்குகளுக்கென்றே (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) கட்டிய படகு அது. அங்கே கொண்டுபோய் என்ன செய்ய?

சரி, விற்பது என்று முடிவாயிற்று. ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அது சுலபமாக நடந்தது. ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள், பிடித்துப்போய் முன்பணமும் கொடுத்தார்கள். சர்வே சரியாக வந்தால் மீதிப் பணம். இது வழக்கம்தான். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, இரும்புத் தகடு எவ்வளவு அரித்திருக்கிறது என்று அல்ட்ராசவுண்ட் கருவியால் பல இடங்களில் அளப்பார்கள். பெரும்பாலும் புதுப் படகில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6 இருக்கும். எங்காவது 4-க்குக் கீழே இறங்கினால் பல நிறுவனங்கள் முழுக் காப்பீடு தரத் தயங்கும். அப்புறம் வெல்டிங், விலைக் குறைப்பு என்று பேச்சு நீளும்.

ஒரு படகுப் பட்டறையில் டிரை டாக் (படகை உள்ளே விட்டுத் தண்ணீரை வடிக்கும் இடம்) பதிவு செய்தேன். அலுவலகத்தில் இருந்தவர் தேதி கொடுத்தார், பணம் வாங்கினார், ரசீதும் தந்தார். சர்வேயர் வெளியூரிலிருந்து கிளம்பிவிட்டார். நான் படகை ஓட்டிக்கொண்டு போனால், பட்டறைக்கு முந்தைய லாக்கில் தடுப்புப் பலகை வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுக் கதவு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! குளிர்காலம் என்றால் கால்வாயில் இந்தப் பழுதுபார்ப்பு மூடல்கள் உண்டு, பட்டியலும் முன்பே வெளியாகும். பட்டறைக்காரருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஃபோனில் கேட்டால், “நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்கிறார். பதிவுப் படிவத்தில் மரீனா பெயர் எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது. அவர் கண் முன்னால்தான் அதை நிரப்பினேன். எதற்காம் அந்தக் கட்டம்?

நீளப் படகை அந்த இடத்தில் திருப்பவும் முடியாது. திருப்புவதற்கென்று கால்வாயை அகலப்படுத்திய இடம் வரும்வரை பின்னோக்கியே வர வேண்டும். நேரோபோட் ரிவர்ஸில் சொன்ன பேச்சுக் கேட்காது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். சர்வேயருக்கு வந்துபோன செலவு என் பையிலிருந்து போனது. பட்டறைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றார். படிவத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு, லாக் திறந்ததும் வேறு தேதிக்கு மாற்றித் தந்தார். ஆகையால் நிரப்பிக் கொடுக்கும் எதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வே நல்லபடியாக வந்தது. உடனே வாங்குபவர்களுக்குக் கடன் கொடுக்கும் இடத்திலிருந்து அடுத்த கேள்வி: படகு விதிமுறைப்படி கட்டப்பட்டது என்று கட்டியவர் கொடுத்த இணக்கப் பத்திரம் எங்கே? 1998 ஜூனுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த படகுகளுக்கு அது இருக்க வேண்டும். என் கோப்பில் இல்லை. கட்டிய நிறுவனமோ மூடிப் பல காலம் ஆகிறது. எனக்கு விற்ற அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லாமல் எழுதினேன். அன்று இரவே ஸ்கேன் பிரதி வந்துவிட்டது, பழைய விற்பனைப் பத்திரங்களும் சேர்த்து. வீடு நிலம் போலக் கட்டாய உரிமைப் பதிவு இங்கே படகுக்குக் கிடையாது. கை மாறி வந்த இந்தப் பத்திரங்கள்தான் ஆதாரம். அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

இப்போது மரீனா ஒப்பந்தம். படகு அவர்கள் இடத்தில் நிற்கும்போது விற்றால், புரோக்கர் வேலை எதுவும் அவர்கள் செய்யாவிட்டாலும் விற்ற விலையில் ஒரு பங்கு அவர்களுக்கு. எல்லா மரீனாவிலும் இது இல்லை, சிலவற்றில் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் இதைக் கேட்டால், “அப்படித்தான் போட்டிருக்கிறது” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நானும் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். “அவர்கள் இடத்தில் நிற்கும்போது” என்றுதானே இருக்கிறது? படகை வெளியே கொண்டுபோய் கால்வாய்க் கரையில் கட்டினேன். பொதுக் கரையில் சாதாரணமாக 14 நாள் வரை நிற்கலாம். கையெழுத்து, பணம், சாவி எல்லாம் அங்கேயே கை மாறின. பிறகு அந்தப் பெண் இரண்டு கடிதம் எழுதினார். ஒப்பந்த வரியையே பதிலாக அனுப்பினேன். அதற்கப்புறம் சத்தமில்லை.

ஒன்று மறக்க வேண்டாம்: லைசென்ஸ் படகோடு சேர்ந்து போகாது. வாங்குபவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்; நீங்கள் விற்றதைத் தெரிவித்து மீதி மாதங்களுக்கான பணத்தைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எனக்கு அது ஒழுங்காக வந்துசேர்ந்தது. மரீனாவில் கட்டிய மின்சார வைப்புத்தொகை மட்டும் இன்னும் வரவில்லை. மெல்போர்னிலிருந்தும் மெயில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.