பின்னோக்கிப் படுத்த நூல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஐந்து எண்கள் மனப்பாடம்: 0.09, 1.44, 1.92, 1.0, 1.3. கொந்தளிப்பு ஓட்டத்தைக் கணிக்கும் கே-எப்சிலான் மாடலின் மாறிலிகள் இவை. எதையும் தொடாமல் ரன் கொடுத்தால் வண்ணப் படம் வந்துவிடும். அந்தப் படங்களை நான் ரொம்பவே நம்பினேன்.

மாடல் இல்லாமல் வேறு வழியும் இல்லை. பெரிய சுழலுக்குள் சின்னச் சுழல், அதற்குள் இன்னும் சின்னது. கடைசிச் சுழல் வரை நேரடியாகக் கணிக்க வேண்டுமானால், கணக்குக்காக இடத்தைத் துண்டாடும் கட்டங்களின் எண்ணிக்கை ரெனால்ட்ஸ் எண்ணின் (ஓட்டத்தின் வேகம் பாகுநிலையை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதன் அளவு) 9/4 அடுக்காக ஏறும். ரெனால்ட்ஸ் எண் 1 லட்சம் என்றால் தோராயமாக 18,000 கோடி கட்டங்கள். எங்கள் கம்ப்யூட்டருக்கு 20 லட்சத்துக்கே மூச்சு வாங்கும். ஆகவே 1895இல் அந்த எண்ணுக்குப் பெயர் தந்த விஞ்ஞானி ரெனால்ட்ஸ் காட்டிய வழிதான்: வேகத்தைச் சராசரியாகவும் ஏற்ற இறக்கமாகவும் பிரித்து, சராசரியை மட்டும் கணிப்பது. ஏற்ற இறக்கம் சும்மா போய்விடாது. சமன்பாட்டில் புதுசாகச் சில உறுப்புகளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைச் சமாளிக்க 1877இலேயே புஸ்ஸினெஸ்க் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி சொன்ன உபாயம் உண்டு. சுழல்கள் கலக்கிவிடுவதை, பாய்மத்தின் பாகுநிலை கூடிவிட்டதாகப் பாவித்துக்கொள்வது. கெட்டிக்காரத்தனமான ஏமாற்று வேலை. பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது.

எனக்குப் பலிக்காமல் போனது ஒரு காற்றுக் குழாயில். அதன் தரை ஓரிடத்தில் படி போல இறங்கும். படியைத் தாண்டிய காற்று உடனே கீழே ஒட்டாது, கொஞ்ச தூரம் போய்த்தான் தரையைத் தொடும். அதுவரை படியடியில் காற்று பின்னோக்கிச் சுழலும். வேகம் அளக்கும் சென்சாரை அந்தச் சுழலுக்கு வெளியே வைக்க வேண்டும். படியின் உயரத்தைப் போல 5 மடங்கு தூரத்தில் காற்று தரையைத் தொடுவதாக என் கணக்கு சொன்னது. ஆறாவது மடங்கில் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சோதனைக் கூடத்து டெக்னீஷியன் அண்ணன் அதிகம் பேசமாட்டார். தையல் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, குழாயின் தரையில் படியின் உயரத்துக்கு ஒன்றாக வரிசையாக டேப் போட்டு ஒட்டினார். ஃபேன் ஓடியது. ஆறாவது நூல் முன்னால் எழும், தயங்கும், திரும்பிப் பின்பக்கம் படுக்கும். பெரும்பாலும் பின்பக்கம்தான்.

“தம்பி, உங்க படத்துல இது எந்தப் பக்கம் போகுது?”

ஏழாவது நூலைத் தாண்டிய பிறகுதான் நூல்கள் ஒழுங்காக முன்னோக்கிக் கிடந்தன.

முதலில் ஃபேன் மேல் சந்தேகப்பட்டேன், அப்புறம் நூல் மேல். கட்டங்களை இரட்டிப்பாக்கினேன், விடை அசையவில்லை. கோளாறு கட்டத்தில் இல்லை, பாவனையில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. இந்த மாடல் அந்த இடத்தில் கலக்கலை அதிகமாகக் காட்டும், அதனால் காற்று சீக்கிரமே கீழே வளைந்துவிடும் என்பது இத்துறையில் பழைய செய்தி. எனக்குத்தான் புதுசு. ஒரு மாலை, யாரும் பார்க்காத நேரத்தில் 1.44ஐக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன். தூரம் நீண்டது, ஆனால் அதுவரை சரியாக இருந்த வேறொரு பகுதி கெட்டது. பழையபடி மாற்றி வைத்தேன்.

மென்டர் என்ற ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட எஸ்எஸ்டி என்ற வேறொரு கொந்தளிப்பு மாடல் நூலுக்கு ஓரளவு கிட்டே வந்தது. பெரிய சுழல்களை அப்படியே கணித்துச் சின்னவற்றை மட்டும் மாடலிடம் விடும் எல்இஎஸ் முறையையும் முயன்றேன். பல ராத்திரிகள் ஓடியது. ஆனால் அந்தத் தயக்கம், முன்னும் பின்னுமான அந்த ஆட்டம், திரையில் தெரிந்தது அதில் மட்டும்தான்.

சென்சாரை 9 மடங்கு தூரத்தில் பொருத்தினோம். அறிக்கையில் என் முதல் படத்தை நீக்காமல் அப்படியே விட்டேன். ஆறாவது இடத்து அம்பு அதில் நேராக முன்னோக்கி நிற்கிறது. பக்கத்திலேயே நூலின் போட்டோவையும் சேர்த்தேன். நூல் ஆடிக்கொண்டே இருந்ததால் அது மங்கலாகத்தான் விழுந்திருந்தது.