அலிசா சட்டமும் கழுத்து அட்டையில் ஒரு பொத்தானும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பார்க்லேண்ட் நகரின் மார்ஜோரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் உயிரிழந்தனர். அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், உதவி கேட்டவர்களின் குரல் எந்த வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என்னை மிகவும் வாட்டுகிறது. கைப்பேசியில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தவர்களின் அழைப்புகள் பக்கத்து நகரான கோரல் ஸ்பிரிங்ஸின் அவசர மையத்துக்குச் சென்றன. பார்க்லேண்டின் காவல் பொறுப்போ பிரோவர்ட் மாவட்டக் காவல் அமைப்பான ஷெரீப் அலுவலகத்திடம் இருந்ததால், செய்தி அங்கிருந்து மறுபடியும் கைமாற வேண்டியிருந்தது. சுட்டவன் அந்தக் கட்டடத்துக்குள் இருந்ததே ஏறத்தாழ ஆறு நிமிடங்கள்தான். சுட்ட அதிர்வில் எழுந்த தூசியால் தீ எச்சரிக்கை மணி ஒலிக்க, மூன்றாம் தளத்து மாணவர்கள் தீ விபத்து என்றெண்ணி நடைக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அவன் வெளியேறிய பிறகும், கேமராவின் பழைய பதிவை நேரலை என்று நம்பிய காவலர்கள் அவனை உள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்கள்.

இறந்தவர்களில் ஒருவர் 14 வயது அலிசா அல்ஹாடெஃப். அவருடைய தாய் லோரி, அதே ஆண்டில் பிரோவர்ட் பள்ளி வாரியத் தேர்தலில் நின்று வென்றதோடு, ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் காவல்துறைக்கு நேரடியாக, ஓசையின்றித் தகவல் போகும் ஏற்பாடு வேண்டும் என்று மாநிலம் மாநிலமாகப் போராடினார். மகளின் பெயரிலான சட்டம் நியூ ஜெர்சியில் 2019-லும், ஃபுளோரிடாவில் 2020-லும் நிறைவேறியது. நியூயார்க்கின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிகள் இதைப் பரிசீலித்தால் போதும் என்ற அளவில் நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய இழப்புக்குப் பின் அது போதாது என்றே நான் கருதுகிறேன்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்கும் என்பதை, 2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் ஒரு சிறுவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டின்போது காண முடிந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்புதான் வழங்கப்பட்டு ஆசிரியர்களின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொடர்ந்து பலமுறை அழுத்தியதும் பள்ளி முழுவதும் எச்சரிக்கை பரவியது. அழுத்தியவர் எங்கே இருக்கிறார் என்பதும் காவலர்களுக்குத் தெரிந்தது. தொலைபேசியில் முகவரி சொல்லி விளக்கும் நேரம் மிச்சமானது. ஆயினும் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள். துப்பாக்கி ஒரு சிறுவனின் கைக்குப் போய்ச் சேர்வதை எந்தப் பொத்தானாலும் தடுக்க முடியாது. அது வேறொரு போராட்டம், இதைக் காட்டி அதைத் தள்ளிப்போடக் கூடாது. 2025-இல் ஜார்ஜியா நிறைவேற்றிய சட்டம், இத்தகைய எச்சரிக்கை அமைப்போடு, உதவிக்கு விரைபவர்கள் வழி தேடித் திணறாதபடி பள்ளிக் கட்டடங்களின் டிஜிட்டல் வரைபடத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது.