பச்சை நூல் தைத்த சட்டை

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

பெருமாள்புரம் அகதிகள் முகாமில் இன்று எல்லார் வாயிலும் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழிதான். அங்கே தோண்டியெடுத்த துணிமணிகளையும் பொருட்களையும் செவ்வாய்க்கிழமை மக்களுக்குக் காட்டப் போகிறார்களாம். யாழ்ப்பாண நீதிமன்ற உத்தரவு. அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லலாம். அம்மா உடனே சித்திக்குப் போன் போடச் சொன்னார்.

செம்மணியில் இருக்கும் சித்துப்பாத்தி மயானத்தில் பிப்ரவரியில் கட்டட வேலைக்குக் குழி தோண்டும்போது எலும்புகள் வந்தன. செய்தி வந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. அண்ணாவை 1996இல் ராணுவச் சோதனைச் சாவடியில் சைக்கிளோடு நிறுத்தினார்கள். சைக்கிள் மட்டும் வேலியோரம் கிடந்தது. அப்போது அவனுக்கு 19 வயது. எனக்குப் பத்து. அப்புறம் படகில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் இந்தக் கன்னியாகுமரி. அப்பா இங்கேயே காலமாகிவிட்டார்.

"சட்டைப் பையைப் பார்க்கச் சொல்லு" என்றார் அம்மா. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வெள்ளை நூல் கிடைக்காமல், அண்ணாவின் சட்டையில் பிய்ந்த பையைப் பச்சை நூலால் தைத்துக் கொடுத்திருக்கிறார். இடது பக்கம், நெருக்கமான தையல், மூலையில் இரண்டு முடிச்சு. இத்தனை வருடத்தில் எனக்கு இதை அவர் சொன்னதேயில்லை.

ஆகஸ்ட் 5

சாயங்காலம் சித்தி பேசினார். வெயிலில் வரிசை. அழுதபடியே பலர். சட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாராம். மண்ணில் கிடந்து நிறமெல்லாம் போய்விட்டதாம். பச்சை நூல் இல்லை.

"பள்ளிக்கூடப் பை ஒண்டு இருந்தது பிள்ளை, விளையாட்டுப் பொம்மையும் இருந்தது" என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் போனை வைத்துவிட்டார். பொம்மை வைத்திருந்த குழந்தையை எந்தச் சண்டையின் கணக்கில் எழுதுவார்கள்?

அம்மா கேட்டுவிட்டு, "அப்ப இன்னும் தேட வேணும்" என்றார். இரவு சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 6

நான் வேலை செய்யும் துணிக்கடையில், என் முகத்தைப் பார்த்தே கூட வேலை செய்யும் அக்கா கண்டுபிடித்துவிட்டார். சின்னத்துறை மீனவர் ஊரில் பிறந்து கோட்டாறில் வாழ்க்கைப்பட்டவர். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயலில் அவருடைய தம்பி கடலில் போனது போனதுதான், உடல் கிடைக்கவில்லை. அந்த வீடுகளுக்கு அரசு 20 லட்சம் கொடுத்தது. பணம் வந்த பிறகும் அவருடைய அம்மா கடற்கரைக்குப் போய் நிற்பதை விடவில்லை.

துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "மக்களே, எங்களுக்குக் கடலைத்தான் ஏச முடியும். உங்க அண்ணனைக் கொண்டுபோனவனுக்குப் பேரு இருக்குல்லா? அதை விட்டுராதீங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 9

காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதென்று 2022இல் இலங்கை அமைச்சரவை முடிவெடுத்தது. அன்றே அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "காசை வாங்கினா அவன் செத்திட்டான் எண்டு நான் கையெழுத்து வைச்ச மாதிரி." அங்கே தெருவில் உட்கார்ந்து போராடும் தாய்மாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

பெயர் தெரியாத விஷயமும் அல்ல இது. மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற ராணுவச் சிப்பாய், செம்மணியில் 300, 400 பேரைப் புதைத்திருக்கிறார்கள் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டி 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். அதோடு நின்றது. சர்வதேச விசாரணை என்றால் அவர் சாட்சி சொல்லத் தயார் என்று இப்போது அவருடைய மனைவி ஜனாதிபதிக்கு எழுதியிருக்கிறார். 27 வருடமாக ஒரு சாட்சி சிறையிலேயே இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு முழுதாகக் கேட்க இன்னும் என்ன வேண்டும்?

ஆகஸ்ட் 30

காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம் இன்னும் நடக்கிறது. அதில் உட்கார்ந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அம்மாவுக்கு இப்போது 76.

இங்கே பொதுக்கூடத்தில் படங்களை வைத்து விளக்கேற்றினோம். முகாமிலேயே பிறந்த பிள்ளைகளும் வந்து நின்றார்கள், பார்த்திராத மாமாக்களின் படத்துக்கு முன்னால். மனு எழுத உட்கார்ந்தபோது இழப்பீடு என்ற சொல்லே வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னார். அவர் கேட்பது: அன்று அந்தச் சாவடியில் யார் பொறுப்பு? யார் சொல்லிக் கொண்டுபோனார்கள்? எங்கே வைத்தார்கள்?

செப்டம்பர் 8

செம்மணியில் நேற்று முன்தினம் வரை 240 எலும்புக்கூடுகள். தோண்டுவதை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். டிஎன்ஏ பரிசோதனை வந்தால் ரத்தம் கொடுக்க அம்மா தயார். ஆனால் இந்தியாவிலிருந்து கொடுக்க வழி உண்டா, முகாம்காரர்களுக்கு யார் அனுமதி தர வேண்டும்? நாளை மதியம் கடையில் அனுமதி கேட்டு, மனுவோடு நாகர்கோவில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கிறேன். அக்காவும் கூட வருகிறேன் என்றார்.